பாதங்களுக்கும் ஒரு பாடவேளை
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்டிசம் உடைய குழந்தைகளின் நடைக்கும் உடலசைவுக்கும் துணைசெய்யும் பாதப் பயிற்சிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பின் வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிறப்புப் பள்ளிக்குச் சென்று வருகிறேன். அங்குள்ள இயன்முறை மருத்துவரின் சொற்படி குழந்தைகளோடு தரையில் அமர்ந்து செய்தவற்றையும், கண்டவற்றையும், பின்னர் படித்துத் தெளிந்தவற்றையும் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆட்டிசத்திற்கு ‘மதியிறுக்கம்’ என்றொரு தமிழாக்கம் வழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்குழந்தைகளின் மதி இறுகியிருக்கவில்லை. உலகிலிருந்து வரும் ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் அவர்களுடைய மூளை வேறொரு முறையில் ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவே. பிழையான தமிழ்ப்பெயரைவிட நல்ல கடன்சொல் மேல் என்று கருதுவதால், ஆட்டிசம் என்றே சொல்லிச் செல்கிறேன்.

நம் பிள்ளைத்தமிழ் நூல்களை எண்ணிப் பாருங்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்த நம் புலவர்கள், அப்பருவங்களுள் பலவற்றை உடலசைவைக் கொண்டே பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கைகளைச் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடை நடந்து தாயிடம் வருவது வாரானை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பின்னர் வரும் சிறுதேர், தேரை இழுத்துக்கொண்டு நடக்கும் வலிமை வந்த பருவம். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் வருகிறது. ஊஞ்சலில் விழாமல் அமர்ந்து ஆடுவதும் உடற்சமநிலைக்கு ஒரு தேர்வுதானே? பேச்சைக் கொண்டும் அறிவைக் கொண்டும் மட்டுமே குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் பழக்கம் நமக்குப் பின்னாளில் வந்தது என்றே தோன்றுகிறது.

ஆட்டிசத்திலும் இதுவே நேர்ந்தது. 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே இந்த நிலை உலகத்தின் கவனத்திற்கு வந்தது. அக்குழந்தைகளுள் சிலருடைய நடையிலும் உடலசைவிலும் தடுமாற்றம் இருந்ததை அவர் அக்கட்டுரையிலேயே குறித்திருந்தார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் தாம் கண்ட குழந்தைகளிடம் இத்தகைய தடுமாற்றத்தைக் குறித்தார். ஆயினும் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, கண்பார்த்துப் பழகவில்லை என்பவையே பெற்றோரின் கவலையாகவும் சிகிச்சையின் இலக்காகவும் நெடுங்காலம் நின்றன. உடலசைவுத் தடுமாற்றம் இன்றும் ஆட்டிசத்தைக் கண்டறிவதற்கான அளவுகோல்களுள் ஒன்றன்று. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஆட்டிசம் உடையோரிடம் அசைவு ஒருங்கிணைப்பும் உடற்சமநிலையும் பரவலாகப் பின்தங்கியிருப்பதைத் தெளிவாகக் காட்டியது.

இதனால் வீட்டில் என்ன நேர்கிறது என்பதற்குச் சான்றாக, எங்கள் பள்ளிக்கு வரும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சொல்கிறேன். ஓடுவான், குதிப்பான். ஆனால் படியிறங்க மாட்டான். முதற்படியின் விளிம்பில் நின்று, கைகளை உதறி, அழத் தொடங்குவான். அவன் குடும்பம் மாடிவீட்டில் குடியிருக்கிறது. நாள்தோறும் அவனுடைய தாய் அவனை இடுப்பில் வைத்தே இறக்கினார். ஒருநாள் என்னிடம் அவர் சொன்னார்: “டீச்சரம்மா, இவனுக்கு வருஷா வருஷம் எடை ஏறுது. எனக்கு பலம் ஏறலையே. இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க ரெண்டு பேரும் எப்படி வெளிய வருவோம்?” படியிறங்கத் தெரியாத பிள்ளையோடு ஒரு தாயும் வீட்டுக்குள் அடைபடுகிறாள் என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். பேருந்தின் படி, மருத்துவமனையின் படி, திருமண மண்டபத்தின் படி, கோயிலின் படி என்று இவ்வூரில் எங்கு சென்றாலும் முதலில் நிற்பது படிதான்.

இனிப் பாதத்திற்கு வருவோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகள் இருக்கின்றன. உடலின் முழு எடையைத் தாங்கும் தூணாக மட்டும் பாதத்தைக் கருதுகிறோம். அது ஓர் உணர்வுறுப்பும் ஆகும். உள்ளங்காலின் தோலில் அழுத்தத்தை அறியும் நுண்ணிய உணர்விகள் செறிந்துள்ளன. எடை குதிகாலில் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா, தரை சரிந்திருக்கிறதா என்பனவற்றை அவை கணந்தோறும் மூளைக்கு அறிவிக்கின்றன. கணுக்காலின் தசைகளும் மூட்டுகளும் தம் நிலையைத் தாமே தெரிவிக்கின்றன. கண்ணும், உட்காதில் அமைந்த சமநிலை உறுப்பும் சேர்ந்து தரும் செய்திகளோடு இவற்றைப் பொருத்தித்தான், இருட்டிலும் நாம் விழாமல் நடக்கிறோம்.

ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்கு இச்செய்திகள் மிகுதியாகவோ குறைவாகவோ வந்துசேர்கின்றன. மிகுதியாக உணரும் குழந்தைக்குப் புல்தரை முள்தரையாகிறது. ஈரத்தரையைக் கண்டால் காலை உள்ளிழுத்துக்கொள்கிறது. கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் கத்திப் புரளும் குழந்தையை நீங்கள் பார்த்திருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். வெயிலில் காய்ந்த கருங்கல்லின் சொரசொரப்பு அதற்கு உண்மையாகவே வலிக்கக்கூடும். குறைவாக உணரும் குழந்தையோ தரையை ஓங்கி மிதிக்கிறது, ஓயாமல் குதிக்கிறது, தன் கால் எங்கே இருக்கிறது என்ற தெளிவைப் பெறுவதற்காகவே அவ்வாறு செய்கிறது என்று சிகிச்சையாளர்கள் விளக்குகிறார்கள். ஒரே வீட்டில் ஒரே குழந்தையிடம் இவ்விரண்டையும் காண்பதும் உண்டு.

நுனிக்கால் நடை என்பது பெற்றோர் அடிக்கடி கேட்கும் செய்தி. குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் மட்டும் நடப்பது, நடைபழகும் குழந்தைகள் பலரிடம் சிறிது காலம் இருந்து மறையும். ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. நெடுநாள் நீடிக்கவும் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் குறுகி, குழந்தை விரும்பினாலும் குதிகாலைத் தரையில் பதிக்க இயலாத நிலை வரலாம். அதனால்தான் இதை ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவதற்கில்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை நீட்டியபடி பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கும்போது, காலோடு செங்கோணம் வரையிலும் வரவில்லையாயின் இயன்முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சட்டைகள் குட்டையாவதைக் கவனிக்கும் நாம் தசை குட்டையாவதைக் கவனிப்பதில்லை.

சில அறிகுறிகள் கண்டால் பயிற்சி எதையும் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதுவரை நன்றாக நடந்த குழந்தை திடீரென நுனிக்காலில் நடத்தல், ஒரு காலில் மட்டும் அவ்வாறு நடத்தல், கற்ற நடையையும் ஓட்டத்தையும் இழந்து வருதல், காலில் வலியோ வீக்கமோ இருத்தல், தரையிலிருந்து எழும்போது தொடைகளில் கைகளை ஊன்றி ஊன்றி எழுதல் ஆகியவை அத்தகையன. இவை ஆட்டிசத்தோடு தொடர்பில்லாத வேறு நரம்புநோய், தசைநோய்களின் குறிகளாக இருக்கலாம். ‘இவனுக்கு ஆட்டிசம், அதனால் அப்படித்தான்’ என்ற விடை எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது. தட்டைப்பாதத்தைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகவே இருக்கும். உள்வளைவு ஆண்டுகள் செல்லச் செல்ல உருவாகிறது. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையாயின், பெரும்பாலும் அது இயல்பே. இதற்காக விலைமிகுந்த காலணிகளை வாங்கக் கடன்பட வேண்டாம்.

பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் நாம் குழந்தையின் காலைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறோம். அங்கேயே பாதி வேலை கெட்டுவிடுகிறது. ஆட்டிசம் உடைய குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே பாய், ஒரே வரிசை. எங்கள் பள்ளியில் நான்கு படங்களை ஒரு கயிற்றில் கோத்து வைத்திருக்கிறோம். ஒன்று முடிந்ததும் குழந்தையே படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடும். நான்காவது படம் போனால் பயிற்சி முடிந்தது என்று அதற்குத் தெரியும். முடிவு தெரிந்த வேலைக்குக் குழந்தை இணங்குகிறது. பெரியவர்களாகிய நாமும் அப்படித்தானே? பத்து நிமிடம் போதும். வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

தொடுவதிலும் ஒரு முறை உண்டு. மெல்ல வருடுவது அன்பான தொடுதல் என்று நாம் எண்ணுகிறோம். இக்குழந்தைகள் பலருக்கு அது கூச்சத்தையும் எரிச்சலையும் தருகிறது. உள்ளங்கை முழுவதும் படும்படி உறுதியாக, மெதுவாக அழுத்துவதை அவர்கள் எளிதில் ஏற்கிறார்கள். பாதத்தை நேரே தொடவிடாத குழந்தைக்கு முழங்காலிலிருந்து தொடங்கிக் கணுக்கால்வரை வந்து நிறுத்தலாம். காலுறையின் மேல் தொடலாம். அல்லது துண்டை அதன் கையிலேயே கொடுத்துத் தன் காலைத் தானே துடைக்கச் சொல்லலாம். இதற்கே ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

பாதம் விழித்தெழுந்தபின், குழந்தையை அதன் உயரத்திற்கேற்ற முக்காலியில், பாதம் முழுதும் தரையில் படும்படி அமர்த்தி, காலடியில் ஒரு டென்னிஸ் பந்தை உருட்டச் சொல்கிறோம். குதிகாலிலிருந்து விரல்வரை போய்த் திரும்ப வேண்டும். அடுத்து, ஒரு பழைய துண்டைத் தரையில் விரித்து, அதன் ஒரு முனையில் பாதத்தை வைத்து, கால்விரல்களாலேயே துண்டைச் சுருட்டித் தன்பக்கம் இழுப்பது. பாதத்தின் உள்ளே அமைந்த சிறு தசைகளுக்கு இது நல்ல வேலை. பிறகு கைக்குட்டைகளைக் கால்விரலால் கவ்வி எடுத்து வாளியில் போடும் விளையாட்டு. புளியங்கொட்டையும் கோலிக்குண்டும் வைத்துச் செய்யச் சொல்லும் குறிப்புகளைக் கண்டிருக்கிறேன். கையில் கிடைத்ததை வாயில் போடும் குழந்தைகள் உள்ள வீட்டில் அவை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று சற்றுக் கடினம். குதிகாலும் முன்பாதமும் தரையை விட்டு எழாமல், விரல்களையும் மடக்காமல், நடுப்பாதத்தை மட்டும் சிறிது குவித்து உயர்த்துவது. இதைச் சொல்லி விளங்கவைப்பது பெரியவர்களுக்கே அரிது. எங்கள் இயன்முறை மருத்துவர் ‘எறும்பு போகப் பாலம் கட்டு’ என்று சொல்லி, ஒரு நூலைப் பாதத்தின் உட்பக்க வளைவுக்கு அடியில் நுழைத்துக் காட்டுவார். சில குழந்தைகளுக்கு உடனே வந்துவிடும்; சிலருக்கு வராது. வராவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்குக் குதிகாலைத் தூக்கும் பயிற்சியைத் தாமாகக் கொடுக்க வேண்டாம். அது அதைத்தான் நாள் முழுதும் செய்துகொண்டிருக்கிறது. அக்குழந்தைக்கு வேண்டியது குதிகாலைத் தரைக்குக் கொண்டுவருவது. குதிகால் பதியக் குந்தி உட்கார்ந்து தரையில் ஏதேனும் விளையாடுதல் இதற்கு மிக நல்லது. நம் பாட்டிமார் குந்தி உட்கார்ந்தே கீரை ஆய்ந்தார்கள். நாற்காலிகளும் மேலைநாட்டுக் கழிப்பறைகளும் வந்தபின் நம் பிள்ளைகளின் கணுக்கால் அவ்வளவு மடங்க வாய்ப்பே இல்லாமற் போயிற்று. கைகளையும் பாதங்களையும் ஊன்றிக் கரடிபோல் நடத்தல், சரிவான பாதையில் மேல்நோக்கி நடத்தல், விரல்களைத் தூக்கிக் குதிகாலால் மட்டும் பத்தடி நடத்தல் ஆகியனவும் உதவும். வழவழப்பான தரையில் காலுறையோடு செய்யக் கூடாது, வெறுங்காலே நல்லது.

வெறுங்காலுக்குப் பலவகைத் தரைகளை அறிமுகப்படுத்துவதும் பாடத்தின் ஒரு பகுதி. கோரைப்பாய், சாக்கு, தேங்காய்நார் மிதியடி, மணல், புல் என்று நம் வீட்டிலும் தெருவிலும் உள்ளவையே போதும். ஒரு வாரத்திற்கு ஒன்று என்ற அளவில், குழந்தை தானே காலை வைக்கும்வரை காத்திருந்து செய்ய வேண்டும்.

சமநிலைக்கு நம்மிடம் பழம்பெரும் பயிற்சி ஒன்று இருக்கிறது. அதற்குப் பாண்டி என்று பெயர். சில ஊர்களில் சில்லு என்பார்கள். தரையில் கட்டம் வரைந்து, ஒற்றைக்காலில் நொண்டி, இரட்டைக் கட்டத்தில் இருகால் ஊன்றி, திரும்பி வருவது. ஒற்றைக்காலில் நிற்றல், குதித்தல், இறங்கும்போது கணுக்கால் நிலைகொள்ளுதல், கோட்டை மிதிக்காமல் அளந்து வைத்தல், தன் முறைக்குக் காத்திருத்தல் என்று ஒரு சிகிச்சையாளர் தனித்தனியே கற்பிப்பவை யாவும் அதில் அடக்கம். எங்கள் குழந்தைகளுக்கு முதலில் ஒவ்வொரு கட்டத்திலும் இருகாலையும் ஊன்றி நடக்க மட்டும் கற்பித்தோம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்கால். கட்டத்துள் பாதத்தின் வடிவத்தை வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துவிட்டால் காலை எங்கே வைப்பது என்ற குழப்பம் நீங்குகிறது. பாண்டியாடிய பாட்டிமார் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். பேரக்குழந்தைகளுக்கு ஆசிரியர் ஆகலாம்.

இப்போது ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பாதத்தை வலுப்படுத்துவதால் மட்டும் குழந்தை படியிறங்கிவிடாது. துண்டைச் சுருட்டக் கற்ற பாதம் துண்டைச் சுருட்டும். படியிறங்குவது படியில்தான் கற்கப்படும். பேருந்தில் ஏறுவது பேருந்தில்தான். குறிப்பாக, ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பொருத்துவது ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்குக் கடினம். பள்ளிப் படியில் இறங்கும் குழந்தை வீட்டுப் படியில் நின்றுவிடும். ஆகவே பத்து நிமிடப் பாதப் பயிற்சியின் முடிவில், அக்குழந்தைக்கு உண்மையில் வேண்டிய ஒரு செயலில் ஐந்து நிமிடம் பழக்க வேண்டும். நான் முன்னர்ச் சொன்ன சிறுவனுக்குப் பந்தும் துண்டும் பாண்டியும் முடிந்தபின், தரையோடு ஒட்டிய கடைசிப் படியிலிருந்து இறங்குவது மட்டுமே பாடம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் நாடா ஒட்டினோம்; படி எங்கே முடிகிறது என்பது அதன்பின்னரே அவன் கண்ணுக்குத் தெளிவாயிற்று என்று நினைக்கிறேன். ஒரு படி இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. அவனுடைய வீட்டு மாடிப்படியிலும் அதே நாடாவை அவன் தாய் ஒட்டினார். ஏறத்தாழ ஏழு மாதங்களுக்குப் பின், ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் தாயின் விரலையும் பற்றிக்கொண்டு, படிக்கு இரண்டு காலும் வைத்து, தெருவரை இறங்கினான். மாற்றுக்கால் வைத்து இறங்க இன்னும் வரவில்லை. பேச்சு முன்போலவேதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய் அவனை இப்போது தூக்குவதில்லை.

இப்பயிற்சிகள் ஆட்டிசத்தைக் குணப்படுத்தா. உள்ளங்காலில் ஒரு புள்ளியை அழுத்தினால் பேச்சு வரும், இத்தனை நாளில் ஆட்டிசம் நீங்கும் என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்பவர்கள் எவராயினும் நம்பாதீர்கள். உடற்பயிற்சி இக்குழந்தைகளின் சமநிலையையும் அசைவுத் திறனையும் மேம்படுத்துகிறது என்பதற்கு ஆய்வுச்சான்றுகள் உள்ளன. பாதத்திற்கு மட்டுமான பயிற்சியைத் தனியே ஆராய்ந்த சான்றுகள் மிகக் குறைவு. ஆகவே அதை மருந்தாகக் கருதாமல், நாள்தோறும் நடக்கும் ஒரு பாடவேளையாகக் கருதுங்கள். குழந்தையை மதிப்பிட்டு, எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல இயன்முறை மருத்துவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் வேண்டும்.

அதற்குப் பொருளில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையை ஒட்டி, குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைக்கும் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். தலைமையாசிரியரைக் கேட்டால் நாளும் நேரமும் சொல்வார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் இயங்குகிறது. நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஆட்டிசம் உடையோருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெற வழியுண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இவற்றுக்கெல்லாம் துணைநிற்கும். ஊரார் அறிந்துவிடுவார்களே என்று அந்த அட்டையை வாங்காமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவர்களுக்கு அருகிலிருப்போர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அறங்காவலர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். நம் மண்டபத்தின் வாயிற்படிகளில் ஒருபுறம் மட்டுமே கைப்பிடி இருக்கிறது. ஏறும்போது உதவும் அது இறங்கும்போது மறுகைக்கு வந்துவிடுகிறது. மறுபுறமும் ஒரு குழாயைப் பொருத்தி, படி விளிம்புகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசித் தர வேண்டும். முதியோருக்கும் அது பயன்படும். மற்றொன்று, பின்முற்றத்தின் ஒரு மூலையில் நிழலில் நான்கடிக்கு நான்கடி மணற்பரப்பும், அழியாத வண்ணத்தில் ஒரு பாண்டிக் கட்டமும். வண்ணத்தை நானே வாங்கி வருகிறேன். கட்டத்தை வரைய, பாண்டி ஆடத் தெரிந்த பாட்டிமார் இருவர் முன்வந்தால் போதும். வரும் ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் தொடங்கலாம்.